தாங்கள் அன்புடன் அளித்த படகு தொடர்பாக

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இடது முழங்கால், வலது தோள்பட்டை, நெற்றியின் மேல்பகுதி ஆகியவை நீங்கலாக நானும் சுகமே. என் மனைவி சுகத்துக்கு மேல் சுகமாக இருக்கிறாள். காரணம் போகப் போகத் தெரியும். தாங்களும் சம்பந்தியம்மாளும் எந்தக் குறையும் இல்லாமல், முக்கியமாக ஈரமில்லாத இடத்தில், நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

நிற்க. இந்த வார்த்தையைக் கடிதத்தில்தான் எழுதலாம். தாங்கள் கொடுத்த படகில் யாரும் நிற்க முடியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி மாப்பிள்ளை தங்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவரவில்லை. தங்கள் வளர்ப்பு அப்படிப்பட்டதல்ல. ஆனால் சொல்லும்போது நடுநடுவே சிரிப்பு வந்து சில முக்கியமான விவரங்கள் விட்டுப்போயிருக்கலாம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இழப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, விபத்து என்று வந்து நின்றவர்களிடமெல்லாம் “எப்படி நடந்ததுன்னு முதல்லேருந்து வரிசையா எழுதிக் கொடுங்க” என்று கேட்டே ஓய்வுபெற்றவன் நான். ஆகவே முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற நாளில் எல்லோரும் கைக்கடிகாரம், சால்வை, சுவர்க் கடிகாரம் என்று கொடுத்தார்கள். இனி எனக்கு நேரம் பார்க்கும் வேலையே கிடையாது என்று தெரிந்தும் கடிகாரமாகவே கொடுத்தார்கள். தாங்கள் மட்டும்தான் சில வாரம் கழித்து லாரியில் படகு அனுப்பினீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க முடியாது. மறக்க நினைத்தாலும் கார் ஷெட்டில் படகு இருந்ததால் கார் தெருவில் நின்று நினைவுபடுத்திக்கொண்டே இருந்தது. படகை இறக்கி வைத்ததும் என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

“என்னங்க, இதுல எத்தனை பேர் உக்காரலாம்?”

“ஒருத்தர்தான். ஒருத்தரே பாயையும் பாத்துக்கணும், சுக்கானையும் பாத்துக்கணும். அதுதான் இதோட விசேஷம்.”

“நீங்க மட்டும் போயிட்டு வர்றதுக்கா?”

“ஆமா.”

“தினமும் போகலாமா?”

“போகலாம்.”

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. “சம்பந்தி ரொம்ப யோசிச்சுத்தான் வாங்கியிருக்கார்” என்றாள். ஓய்வுக்குப் பரிசு எனக்கா அவளுக்கா என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் எனக்கு முதலில் வந்தது. நான் வீட்டில் இருந்த அந்தச் சில வாரங்களில் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்ததும், பால் பொங்கும் நேரத்தில் அதற்கான காரணத்தை விளக்கியதும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது.

படகை ஏரிக்கரை கிளப்பில் சேர்த்தோம். அங்கே கற்றுக்கொடுப்பவர் ஒரு பல் டாக்டர். வாரநாட்களில் பல் பிடுங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் படகில் ஏறிக்கொண்டு எங்கள் உயிரை. நானும் அவரிடம்தான் பல்லுக்குக் காட்டுகிறேன் என்பதால் ஒரு சங்கடம். க்ளினிக்கில் “வாயைத் திறங்க சார், இன்னும் நல்லாத் திறங்க” என்பவர், ஏரியில் “வாயை மூடுங்க சார், தண்ணி போகுது” என்பார். குரல் ஒன்றுதான், இரண்டு இடத்திலும் எனக்கு வியர்த்துவிடும்.

எதிர்காற்றில் போவதை ஓரளவு சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். காற்று முகத்தில் அடிக்கும். எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியும். நேராகப் போக முடியாது, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் வளைந்து வளைந்து ஏற வேண்டும். இழப்பீட்டுப் பிரிவில் ஒரு காகிதம் மேலே போகிற மாதிரிதான். அதற்குப் பிறகு டாக்டர், “அடுத்து பின்காத்துல ஓட்டறது” என்றபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சம்பந்தி, தங்களிடம் சொல்வதற்கு என்ன, என் சர்வீஸ் முழுக்க நான் பின்காற்றில்தான் ஓட்டியிருக்கிறேன். எந்த மேனேஜர் வந்தாலும் அவர் சொல்வதுதான் சரி என்று முதல் நாளே கண்டுகொண்டவன். ஜன்னலைத் திற என்று ஒருவர் வந்தார், காற்று நல்லதுதானே என்றேன். ஜன்னலை மூடு என்று அடுத்தவர் வந்தார், தூசி ஜாஸ்திதானே என்றேன். பதவி உயர்வு தானாக வந்தது. “டாக்டர், இது எனக்குச் சொல்லித்தரவே வேணாம், ரத்தத்துலயே இருக்கு” என்றேன்.

அவர் கேன்டீன் மேஜையில் ஒரு சோப்புப் பெட்டியை வைத்து, அதில் ஒரு டூத்பிரஷ்ஷை நட்டு விளக்கினார். பாயைக் கதவு திறப்பதுபோல் படகுக்குக் குறுக்கே நன்றாக வெளியே விட வேண்டும். நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகையைப் பாதி தூக்கிவிட வேண்டும். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப உடம்பை நகர்த்தி, சுக்கானை ஆட்டாமல் ஆட்ட வேண்டும். (ஆட்டாமல் எப்படி ஆட்டுவது என்று கேட்டேன். “நோயாளிக்குத் தெரியாம ஊசி போடற மாதிரி” என்றார். அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவன் என்பதால் நம்பிக்கை வரவில்லை.) கடைசியாக ஒன்று சொன்னார். காற்று முதுகில் இருக்கும்போதே திரும்ப வேண்டுமானால், பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே வீச்சில் மாறும். அவர்கள் பாஷையில் அதற்கு ஜைப் என்று பெயர். பாயின் அடியில் இருக்கும் நீளமான உலோகக் கழியும் கூடவே வீசிக்கொண்டு வரும்.

“அது வர்றப்ப உங்க தலை அங்க இருக்கக் கூடாது சார்.”

“எங்க இருக்கணும்?”

“வேற எங்க வேணா இருக்கலாம். அங்க மட்டும் வேணாம்.”

முதல் நாள் பின்காற்றில் படகைத் திருப்பினேன். என்ன சொல்ல, சம்பந்தி! அதுவரை காதில் இரைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று நின்றுவிட்டது. அலை சத்தம் இல்லை, பாய் படபடப்பு இல்லை, வெயில் இதமாக இருந்தது. ரிட்டயர்மென்ட் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, “டாக்டர், காத்தே இல்லையே!” என்று கத்தினேன். அவர் பின்னாலிருந்து, “காத்து இருக்கு சார்! நீங்க அதோட போறீங்க! கரையைப் பாருங்க!” என்றார். பார்த்தேன். கரையிலிருந்த மரங்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. பயத்தில் கையிலிருந்த கயிற்றை இன்னும் கொஞ்சம் விட்டேன். விடக் கூடாதாம். பாய் அளவுக்கு மேல் முன்னால் போய்விட்டது. படகு இந்தப் பக்கம் ஒருமுறை சாய்ந்தது, அந்தப் பக்கம் ஒருமுறை சாய்ந்தது, ‘இல்லை’ என்று தலையாட்டுகிற அதிகாரி மாதிரி ஆடி ஆடி, கடைசியில் நான் உட்கார்ந்திருந்த பக்கமே திரும்பி என் மேலேயே கவிழ்ந்தது. காற்றோடு போகிறவன் மேல் காற்று இப்படி விழும் என்று எனக்கு எந்த மேனேஜரும் சொல்லித்தரவில்லை.

நான் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியபோது டாக்டர் மோட்டார் படகில் பக்கத்தில் வந்து, குனிந்து, என் வாயைத்தான் முதலில் பார்த்தார். “பல்லுக்கு ஒண்ணும் ஆகலை” என்றார்.

அடுத்த சில வாரங்கள் எப்படிப் போயின என்று விவரமாக எழுதி தங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. கவிழ்ந்தேன், நிமிர்த்தினேன், கழி தலையில் பட்டது, மீண்டும் கவிழ்ந்தேன். கிளப்பில் எனக்கு ‘நீர்மூழ்கி’ என்று பெயர் வைத்திருப்பதாகக் கேள்வி. எனக்கு முன்னால் யாரும் சொல்வதில்லை. நான் தண்ணீருக்குள் இருக்கும்போது சொல்கிறார்களாம்.

கரையிலேயே பயிற்சி செய்தால் என்ன என்று தோன்றியது. ஹாலில் இருந்த சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டேன். கரண்டிக் காம்பு சுக்கான், துணி காயப்போடும் கொடி பாய்க்கயிறு. கழிக்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது. தரை துடைக்கும் குச்சியை என் மனைவியிடம் கொடுத்து, “நான் ரெடின்னு சொன்னதும் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வீசு, நான் குனிஞ்சு மாறி உக்காருவேன்” என்றேன். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். எந்த வீட்டு வேலையிலும் அவளிடம் அப்படியொரு முனைப்பை நான் கண்டதில்லை.

“ரெடியா?” என்றாள்.

“இரு, கரண்டியை...” என்பதற்குள் வந்துவிட்டது.

“நான் ரெடின்னு சொல்லவே இல்லையே!”

“காத்து கேட்டுட்டா வரும்?” என்றாள். பிறகு நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும், “இன்னும் ஒரு தடவை பாத்துடலாங்க, உங்களுக்கு வர்ற மாதிரி இருக்கு” என்று அவளேதான் ஊக்கப்படுத்தினாள்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் அவசியமாகிறது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் மகள் வீடியோ கால் செய்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த போனில் ஏதோ ஒரு விரல் பட்டு அது எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தப் பக்கத்தில் சம்பந்தியம்மாளும் இருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தாயார் குச்சியை ஓங்க, தகப்பனார் கரண்டியோடு சோபாவிலிருந்து தரைக்குத் தாவியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அன்று மாலை சம்பந்தியம்மாள் என் மனைவிக்குப் போன் செய்து, “எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசுங்க, எல்லா வீட்லயும் இருக்கறதுதான்” என்று ஆறுதல் சொன்னார்களாம். என் மனைவியும் மறுத்துப் பேசாமல் “என்ன பண்றது அண்ணி” என்று பெருமூச்சு விட்டிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் சண்டை எதுவும் கிடையாது, அது பின்காற்றுப் பயிற்சிதான் என்பதைத் தாங்கள் அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கிளப்பில் புதிதாகப் படகுத்துறை கட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் நீண்டு போகும் இரண்டு மேடைகள், நடுவில் படகுகள் நுழைய வழி. அந்த வழிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, ஒரு பெரிய அதிகாரியைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். அவருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்குக் கிளப் செயலாளர், “அவர் எல்லாத்தையும் திறக்கறவர்” என்றார். விருந்தினர் ரிப்பனை வெட்டியதும், கிளப் படகுகள் ஒவ்வொன்றாக அணிவகுத்து உள்ளே வர வேண்டும். அதுவரை ஏரியின் நடுவில் காத்திருக்க வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். என் மனைவி மேடை ஓரத்தில் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை போனை நீட்டிப் படம் பிடிக்கத் தயாராக இருந்தார்.

விருந்தினர் தாமதமாக வந்தார். அதற்குள் காற்று ஏறிவிட்டது. எங்கள் ஏரியில் காற்று எப்போதும் கரையைப் பார்த்துத்தான் அடிக்கும். மற்றவர்கள் படகைக் காற்றுக்கு முகமாகப் பிடித்து ஒரே இடத்தில் நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். செயலாளர் மைக்கில் பேசத் தொடங்கினார். என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா என்று கேட்கக் கொஞ்சம் திரும்பினேன். அவ்வளவுதான், சம்பந்தி. நான் திரும்பியபோது சுக்கானும் திரும்பிவிட்டது. உலகமே அமைதியானது. வெயில் இதமாக இருந்தது. அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியுமே.

நேரே முன்னால் படகுத்துறை. வலது பக்கம் திரும்பினால் அணிவகுப்புப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. இடது பக்கம் திரும்பினால் கழி வரும். கயிற்றை விட்டால் முதல் நாள் கதை. ஆகவே நான் எதுவும் செய்யாமல் இருப்பது என்று முடிவெடுத்தேன். ஆபீசில் பல நெருக்கடிகளை அப்படித்தான் தாண்டியிருக்கிறேன். டாக்டர் மோட்டார் படகில் துரத்திக்கொண்டே, “ஜைப் பண்ணுங்க சார்! ஜைப்!” என்று கத்தினார். நான், “தலை! தலை!” என்று கத்தினேன். மேடையில் செயலாளர் கையிலிருந்த பேச்சுத்தாள்களை வீசி வீசி, போ போ என்று சைகை காட்டினார். விருந்தினரோ இது நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துக் கைதட்ட ஆரம்பித்தார். அவர் தட்டியதும் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். அவர்கள் தட்டியதும் செயலாளரும் தட்டினார். அந்தக் கைதட்டலுக்கு நடுவே என் படகு ரிப்பனை அடித்துக்கொண்டு உள்ளே போனது.

துறையின் கடைசியில் டயர்கள் கட்டியிருந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை. படகு நின்றபோது ரிப்பன் பாய்மரத்தைச் சுற்றி, என் கழுத்தைச் சுற்றி, மிச்சம் தண்ணீரில் மிதந்தது. விருந்தினர் கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது, வெட்டத்தான் ஒன்றுமில்லை. போட்டோகிராபர்தான் முதலில் வாயைத் திறந்தார்: “ஐயா, படம் வேணுமே.” உடனே செயலாளர் என்னிடம் ஓடி வந்து, “அசையாம உக்காருங்க” என்று காதில் சொன்னார். விருந்தினரைக் கைத்தாங்கலாக மேடை விளிம்புக்கு அழைத்து வந்தார்கள். அவர் குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் ரிப்பனை வெட்டினார். எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். அன்று திறந்து வைக்கப்பட்டது படகுத்துறையா நானா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. என் மனைவி அதை வெட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

பிறகு கிளப்பில் விசாரணைக் குழு வைத்தார்கள். செயலாளர் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் தள்ளி, “எப்படி நடந்ததுன்னு முதல்லேருந்து வரிசையா எழுதிக் கொடுங்க” என்றார். அந்த வாக்கியம் எதிரில் உட்கார்ந்து கேட்கும்போது இப்படி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ரொம்ப நேரம் யோசித்து, ‘காற்று’ என்று எழுதி கையெழுத்துப் போட்டேன். குழு கூடிப் பேசி, நான் இனிமேல் பின்காற்றில் துறைக்குள் வரக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறது. காற்று கரையைப் பார்த்தே அடிப்பதால், இதன் பொருள் நான் ஏரிக்குள் போகலாம், திரும்பி வரக் கூடாது என்பதுதான். இதைச் சுட்டிக்காட்டினேன். “அது குழுவோட அதிகார வரம்புக்குள்ள வரலை” என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

ஆகவே சம்பந்தி, தங்கள் மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்று நான்கைந்து தாள்களைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். படகு அருமையான படகு. குறை முழுக்க என்னுடையதும் காற்றுடையதும்தான். இந்த வயதில் என்னை ஏரிக்குப் பதில் ஒரு நல்ல நாற்காலியில் வைத்திருப்பதே எல்லோருக்கும் நல்லது என்று எனக்குப் பட்டுவிட்டது. தயவுசெய்து அதே லாரியை அனுப்பிப் படகைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். முனையில் டயர் தடம் ஒன்று இருக்கிறது, துடைத்தால் போய்விடும். படகு போனால் நான் வீட்டிலேயே இருப்பேன் என்று சொன்னதிலிருந்து என் மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை. அதை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கங்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா வளமும் சேர வேண்டும், பதினாறுக்கு மேலும் சேர்ந்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மாப்பிள்ளை அந்த வீடியோவை மட்டும் போனிலிருந்து எடுத்துவிட்டால் என் ஆசிகள் இரட்டிப்பாகும். தங்கள் வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் நல்ல சேதியே உள்ளே வரட்டும்.

என்றும் தங்கள் மேல் மாறாத மரியாதை உள்ள,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: லாரியை அனுப்ப வேண்டாம். கடிதத்தை உறையில் போடும் முன், படகைக் கழுவி வைத்துவிடலாமே என்று இன்று காலை ஏரிக்குப் போனேன். வேலைநாள், கிளப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. கழுவிய படகைக் கடைசியாக ஒரு சுற்று விட்டுப் பார்ப்பதில் தப்பில்லை என்று தோன்றியது. திரும்பி வரும்போது காற்று முதுகுக்கு வந்தது, அமைதி வந்தது. டாக்டர் இல்லை, ‘ஜைப்’ என்ற கத்தல் இல்லை, கைதட்ட ஆள் இல்லை. என்ன ஆனாலும் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சுக்கானைத் தள்ளி, கயிற்றை ஒரு இழு இழுத்துக் குனிந்தேன். கழி என் தலைக்கு மேலே வந்து, ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் மாறி உட்கார்ந்தேன். படகு ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு, ஓட்டுவது நான்தான் என்று ஒப்புக்கொண்டதுபோல ஓடியது. சம்பந்தி, நான் நனையவே இல்லை! சுற்றுமுற்றும் பார்த்தேன். யாருமே இல்லை. காவல்காரர்கூட டீ குடிக்கப் போயிருந்தார். டாக்டருக்குப் போன் போட்டால், “இப்ப ஒருத்தருக்குப் பல்லு எடுத்துட்டிருக்கேன் சார், ரொம்ப சந்தோஷம்” என்று வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மனைவி தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்ப இன்னிக்கு நீங்க ஏரிக்கே போகலையா?” என்கிறாள். இதை நான் எப்படித் தாங்குவேன்? தாங்கள் சம்பந்தியம்மாளோடு வரும் ஞாயிற்றுக்கிழமை அவசியம் கிளம்பி வர வேண்டும். மாப்பிள்ளையையும் போனோடு கூட்டி வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: பார்ப்பதை நன்றாகப் பாருங்கள், ஆனால் துறையிலிருந்து கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.